‘அட்டையில்தான் எழுதியிருக்கிறதே!’

எந்தச் சந்தேகம் கேட்டாலும் ‘அட்டையைப் படி, அதிலேயே இருக்கிறது’ என்று பதில் சொல்வது மேஜிக்: தி கேதரிங் என்ற அட்டை ஆட்டத்தை ஆடுகிறவர்களிடம் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. யு-கி-ஓ என்ற இன்னோர் அட்டை ஆட்டத்தை ஆடுகிறவர்களிடமும் இதே பல்லவிதான். சொல்கிறவருக்கு அது ஞானம். கேட்கிறவருக்குப் பாதி நேரம் வாய்ப்பூட்டு. எந்த அட்டை எப்போது வேலை செய்யும், யார் முதலில் பதில் போடலாம், எது நடந்த பிறகு எது நடக்கும் என்றெல்லாம் வகுத்துச் சொல்லும் நேர விதிகள் இந்தப் பார்வையில் வெறும் வக்கீல் வேலை. ஆட்டத்தின் மேல் படிந்த தூசி.

அவர்கள் வழக்கைக் குறைக்காமலே வைக்கிறேன். மேஜிக்கின் முழு விதித்தொகுப்பு ஏறத்தாழ 300 பக்கம். பத்து வயதுப் பிள்ளை அதைப் படித்துவிட்டு ஆட வரப்போவதில்லை. ஒவ்வொரு அட்டையும் தன் வேலையைத் தானே சொல்லும் என்பதுதான் இந்த வகை ஆட்டங்களின் புதுமையே. விதியும் அட்டையும் மோதினால் அட்டையே வெல்லும் என்று விதித்தொகுப்பின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் மிச்சத்தைப் பொது அறிவிடம் விட்டுவிட வேண்டியதுதானே? நண்பர்கள் கூடி ஆடும் இடத்தில் ‘பொறு, என் வாய்ப்பை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை’ என்று கையை உயர்த்துகிறவன் ஆட்டத்தின் ருசியைக் கெடுக்கிறான். நேர நுணுக்கத்தைப் பிடித்து வெல்வது திறமை அல்ல, சந்தில் புகுந்து போவது. அதுவும் போக, இன்று கணினியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது.

இப்படிப் பேசுகிறவர்களில் பலர் நல்ல ஆட்டக்காரர்கள், புதியவர்கள்மேல் அக்கறை உள்ளவர்கள். ஆனாலும் தவறாகத்தான் பேசுகிறார்கள்.

1. அட்டை என்ன சொல்கிறது என்பது இருக்கட்டும், எதைச் சொல்லவில்லை என்று பார்த்தீர்களா?

1993-இல் வந்த முதல் பதிப்பிலேயே இருந்த மூன்று அட்டைகளை எடுத்துக்கொள்வோம். கிரிஸ்லி பேர்ஸ்: பலம் இரண்டு, தாங்கும் திறன் இரண்டு உள்ள கரடி. லைட்னிங் போல்ட்: மூன்று சேதம் செய்யும் மின்னல். ஜயண்ட் க்ரோத்: ஓர் உயிரினத்துக்கு அந்த டர்ன் (ஒருவர் ஆடும் முறை) முடியும்வரை பலத்தில் மூன்றும் தாங்கும் திறனில் மூன்றும் கூட்டும் மந்திரம். மூன்றிலும் மறைபொருள் எதுவும் கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் புரியும்.

நீங்கள் என் கரடிமேல் மின்னலை ஏவுகிறீர்கள். அதற்குப் பதிலாக நான் வளர்ச்சி மந்திரத்தைப் போடுகிறேன். கடைசியாக வந்தது முதலில் நடக்கும். கரடி ஐந்துக்கு ஐந்தாக வளர்கிறது, பிறகு மின்னல் விழுகிறது, மூன்று சேதத்தோடு கரடி நிற்கிறது. உங்களுக்கு ஓர் அட்டை போயிற்று, எனக்கும் ஒன்று. இப்போது வரிசையை மட்டும் மாற்றுங்கள். நான் முதலில் வளர்ச்சியைப் போடுகிறேன்; அது நடப்பதற்குள் நீங்கள் மின்னலை ஏவுகிறீர்கள். மின்னல் முந்துகிறது. கரடி இன்னும் இரண்டுக்கு இரண்டுதான், செத்தது. வளர்ச்சி மந்திரத்துக்கு இலக்கே இல்லாமல் போனதால் அதுவும் வீண். உங்களுடைய ஓர் அட்டைக்கு என்னுடைய இரண்டு அட்டைகள் காலி.

அட்டைகள் அவைதான். ஓர் எழுத்துகூட மாறவில்லை. முடிவு மட்டும் தலைகீழ்.

இந்த வரிசை பொது அறிவுதானே என்பீர்கள். சரி, பிழைத்த கரடியிடம் திரும்பி வருவோம். டர்ன் முடியப்போகிறது. கரடியின் மேல் மூன்று சேதம் இருக்கிறது. வளர்ச்சி தீர்ந்துவிட்டால் அதன் தாங்கும் திறன் மறுபடியும் இரண்டு. இரண்டு தாங்கும் உடம்பில் மூன்று காயம் என்றால் சாக வேண்டியதுதானே? சாகாது. டர்னின் கடைசிப் படியில் எல்லாச் சேதமும் துடைக்கப்படுவதும், ‘டர்ன் முடியும்வரை’ என்ற விளைவுகள் எல்லாம் தீர்வதும் ஒரே நொடியில் நடக்கின்றன என்று விதி சொல்வதால்தான் சாகாது. தாங்கும் திறன் ஒரு நொடி முந்திக் குறைந்திருந்தால் ஒவ்வொரு ஜயண்ட் க்ரோத்தும் தாமதமாக வந்த மரண தண்டனையாக இருந்திருக்கும். இதை அந்த மூன்று அட்டைகளில் எதில் எழுதியிருக்கிறார்கள்? முன்னும் பின்னும் புரட்டிப் பாருங்கள்.

‘மோதினால் அட்டையே வெல்லும்’ என்ற பொன்விதி இங்கே உதவாது. மோதுவதற்கு அட்டை ஏதாவது பேசியிருக்க வேண்டும். நேரத்தைப் பற்றி அட்டைகள் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை.

2. ‘பொது அறிவு போதும்’ என்கிறீர்களே, யாருடைய பொது அறிவு?

யு-கி-ஓவில் ஒரு பழைய சண்டை உண்டு. எதிராளி ராய்கெக்கி போடுகிறார். அது நடந்தால் என் பக்கத்து மான்ஸ்டர்கள் அத்தனையும் அழியும். நான் பதிலுக்கு மிஸ்டிக்கல் ஸ்பேஸ் டைஃபூனைச் செயின் என்ற பதில் வரிசையில் சேர்த்து, அந்த ராய்கெக்கி அட்டையையே குறிவைக்கிறேன். செயின் பின்னிருந்து முன்னாக அவிழ்கிறது. டைஃபூன் முதலில் நடந்து ராய்கெக்கி அட்டை அழிந்தது. என் மான்ஸ்டர்கள் தப்பினவா?

தப்பின என்பது ஒரு பொது அறிவு. விளக்கை உடைத்தால் வெளிச்சம் போய்விடும் அல்லவா? தப்பவில்லை என்பது இன்னொரு பொது அறிவு. தபாலில் போட்ட கடிதம், போட்டவர் இறந்துபோனாலும் வீட்டுக்கு வந்து சேரும். இரண்டும் பழுதில்லாத அறிவுதான். இரண்டு நல்ல மனிதர்கள் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து இரவு முழுக்க வாதாடலாம். விதி இரண்டாமவர் பக்கம்: அட்டையை அழிப்பது வேறு, அதன் விளைவை ரத்து செய்வது வேறு. ராய்கெக்கி நடந்தே தீரும். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அது கண்டினியூயஸ், ஃபீல்ட், எக்விப் வகை அட்டையாக இருந்திருந்தால் விளக்கு உவமைதான் சரி. அவை களத்தில் முகம் காட்டி நிற்கும்வரைதான் வேலை செய்யும். டைஃபூன் அவற்றை அழித்தால் விளைவும் சேர்ந்து போகும்.

ஆக, இரண்டு பொது அறிவும் சரி. ஒவ்வொன்றும் தன் இடத்தில். எந்த இடத்தில் எது என்று சொல்வதற்குப் பெயர்தான் விதி. அதைத் தூக்கிவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது இரண்டு உவமைகளும் ஒரு வாய்ச்சண்டையும்.

3. பொது அறிவை நம்பும் இந்தச் சோதனை ஏற்கெனவே நடந்தது, தோற்றது.

மேஜிக்கை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதம் படித்தவர். ஆனாலும் முதல் ஆண்டுகளின் நேர விதிகள் கணிதத்தைப்போல அல்ல, நம் வீட்டு வழக்கங்களைப்போல வளர்ந்தன. எதிரியின் மந்திரத்தைத் தடுக்கும் மந்திரம் மற்ற எல்லாவற்றையும்விட வேகமாகத்தானே இருக்க வேண்டும்? ஆகவே ‘இன்டரப்ட்’ என்று தனி வகை, அதற்குத் தனி வேகம். அடி விழுமுன் கேடயத்தைத் தூக்க ஓர் இடைவெளி வேண்டாமா? ஆகவே சேதத்தைத் தடுப்பதற்கென்றே தனிக் கட்டம். உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு வந்ததுமே செத்தாக வேண்டுமா? வேண்டாம், நடந்துகொண்டிருக்கும் கட்டம் முடியட்டும், அதற்குள் மேலே ஏறினால் பிழைத்துப் போகட்டும். மந்திரங்கள் கும்பலாகச் சேர்ந்து கும்பலாகவே நடந்தன. அவிழத் தொடங்கிவிட்டால் நடுவில் யாரும் புதிதாகப் பதில் போட முடியாது, சில விதிவிலக்குகள் தவிர. அந்த விதிவிலக்குகளுக்கும் விலக்குகள் இருந்தன.

ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டால் நியாயம்தான். எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்தால் யாருக்கும் தலையும் புரியாது வாலும் புரியாது. பொது அறிவைத் துண்டுதுண்டாகச் சேர்த்துக் கட்டிய வீடு அப்படித்தான் இருக்கும்.

1999-இல் ஆறாம் பதிப்போடு அதை இடித்துவிட்டு ஸ்டேக் என்ற ஒரே முறையைக் கொண்டுவந்தார்கள். பந்தி முடிந்து கழுவி அடுக்கிய தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள்: கடைசியாக வைத்ததுதான் முதலில் கைக்கு வரும். மேலே தட்டு வைக்கும் வாய்ப்புக்குப் பிரியாரிட்டி என்று பெயர். யாருடைய டர்னோ அவருக்கு அது முதலில். இருவரும் அடுத்தடுத்து ‘எனக்கு வேண்டாம்’ என்றால் மேல் தட்டு ஒன்று மட்டும் இறங்கும். உடனே வாய்ப்பு மறுபடியும் டர்ன்காரருக்கு. இன்டரப்ட் என்ற வகையே ஒழிந்தது. இந்த ஒரு பத்திக்குள் அடங்குவதை விளக்கப் பழைய முறைக்குப் பல பக்கம் தேவைப்பட்டது. எளிமை வந்த வழி இதுதான்: தனித்தனி நியாயங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, எல்லா அட்டைக்கும் ஒரே கறாரான முறை.

2009-இல் நடந்ததை எடுத்துக்காட்டி என்னை மடக்கப் பார்ப்பார்கள், தெரியும். அதுவரை சண்டைச் சேதமும் ஸ்டேக்கில் ஏறிக் காத்திருந்தது. மாக் ஃபனாட்டிக் என்ற ஒன்றுக்கு ஒன்றான பூதம், தன் அடியை ஸ்டேக்கில் ஏற்றிவிட்டு, அது இறங்குமுன் தன்னையே பலி கொடுத்து இன்னொருவர்மேலும் ஒரு சேதத்தை வீசும். ஒரு சாவில் இரண்டு அடி. 2009-இல் சேதத்தை ஸ்டேக்கிலிருந்து எடுத்தார்கள். பூதம் அடிக்கலாம் அல்லது வெடிக்கலாம், இரண்டும் முடியாது என்றானது. ஆட்டத்தை மழுங்கடித்துவிட்டார்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். என் கருத்தில் அந்த மாற்றம் சரிதான். செத்துப்போனவன் குத்திய குத்து காற்றில் தொங்கிக்கொண்டிருப்பது யாருக்கும் இயல்பாகப் படாது. ஆனால் அந்த மாற்றமும் உங்கள் கட்சிக்குச் சாட்சி சொல்லாது. சேதம் எப்போது விழும் என்பதை அவர்கள் ஆட்டக்காரர்களின் மனசாட்சிக்கு விட்டுவிடவில்லை. வேறொரு நொடியைக் குறித்து, அதை எழுதியும் வைத்தார்கள்.

4. விதி தெளிவில்லாத மேசையில் வெல்வது யார்?

கட்டுரையின் மற்ற பகுதிகளை மறந்தாலும் இந்தக் கேள்வியை மறக்க வேண்டாம். புதியவருக்காகத்தான் நேர விதிகளை ஒதுக்குகிறோம் என்கிறார்கள். நடப்பது என்ன? இரண்டு அட்டைகள் மோதும்போது எழுதப்பட்ட பதில் இல்லையென்றால், குரல் கனமானவர் சொல்வது பதிலாகிறது. பத்து வருடம் ஆடியவர் ‘இது இப்படித்தான்’ என்கிறார். நேற்று வந்த பையன் தலையாட்டுகிறான். அவன் ‘ஏன்?’ என்று கேட்க ஒரு பிடிமானமும் இல்லை. விதித்தொகுப்பு தடிமனாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த மேசையில் அவனுக்கு இருக்கிற ஒரே துணை அதுதான்.

தெளிவில்லாத வழக்கம் அனுபவசாலியையும் விடாது. 2017-இல் டப்ளினில் நடந்த மேஜிக் புரோ டூரில் ஓர் ஆட்டக்காரர் ‘காம்பாட்’ என்று ஒரு சொல் சொன்னார். அதற்குப் பிறகுதான் தன் வாகன அட்டைக்கு ஆள் ஏற்றலாம் என்று நினைத்திருந்தார். அந்தச் சொல்லாலேயே அவர் சண்டையின் தொடக்கப் படியைக் கடந்து தாக்குதல் அறிவிக்கும் இடத்துக்கு வந்துவிட்டார் என்று தீர்ப்பானது. போட்டிகளில் வழங்கிவந்த ஒரு குறுக்குச்சொல்லின் பொருள், அதைச் சொன்னவர் மனதில் ஒன்று, நடைமுறையில் வேறொன்று. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் கூடும் இடத்திலேயே இந்த நிலை. அந்த ஆண்டே அந்தக் குறுக்குச்சொல்லின் பொருளைத் திருத்தி எழுதினார்கள். ‘நண்பர்களுக்குள் என்ன விதி’ என்று சிரித்து ஒதுக்கியிருந்தால் இன்றும் ஒவ்வொரு மேசையிலும் அதே வழக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

5. நேரம் தெரிந்து வெல்வது சந்துவழி என்றால், கரடிக்கு மின்னலைத் தாமதித்துப் போட்டவர் செய்த குற்றம் என்ன?

எதிராளி முதலில் செலவழிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். வளர்ச்சி வருமா என்று கணித்தார். மின்னலை உடனே ஏவும் ஆசையை அடக்கினார். இவ்வளவும் திறமை இல்லையென்றால் இந்த ஆட்டத்தில் வேறெது திறமை? விலை உயர்ந்த அட்டை வாங்குவதா?

நமக்குப் பழக்கமான கிரிக்கெட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் நடந்த ஐபிஎல் ஆட்டத்தில், பந்து கையைவிட்டுப் போகுமுன் கோட்டைத் தாண்டிய ஜாஸ் பட்லரை அஸ்வின் ரன் அவுட் ஆக்கினார். உலகமே விளையாட்டு உணர்வு பற்றிப் பாடம் எடுத்தது. கேள்வி எளியது: பந்துவீச்சாளர் பந்தை விடுவார் என்று எதிர்பார்க்கும் அந்த நொடி வந்துவிட்டதா, இல்லையா? அது நேர விதி. விதியைத் தெரிந்துவைத்திருந்தவரைத் திட்டினார்கள். விதியை மறந்து நடந்தவருக்குப் பரிதாபப்பட்டார்கள். 2022-இல் கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்சிசி அந்த ஆட்டமிழப்பை ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற தலைப்பிலிருந்து எடுத்து, ரன் அவுட் என்ற சாதாரணத் தலைப்புக்கு மாற்றியது. அட்டை மேசையில் ‘பொறு’ என்று கை உயர்த்துகிறவனையும் நாம் இன்னும் பழைய தலைப்பின் கீழேயே வைத்திருக்கிறோம்.

6. கணினி பார்த்துக்கொள்ளும் என்பது வாதமே அல்ல.

கணினிக்கு யாரோ ஒருவர் நொடிநொடியாக விதியை எழுதிக்கொடுத்ததால்தான் அது பார்த்துக்கொள்கிறது. மேஜிக்கின் கணினி வடிவமான மேஜிக் அரீனாவில் நேர விதிகள் காகிதத்தில் இருப்பதைவிடக் கறார். அங்கே ‘ஐயோ, நான் அதைச் சொல்ல வந்தேன்’ என்று கெஞ்ச எதிரே ஆளில்லை. வாய்ப்பு தானாகவே கடந்து போகும் வசதியை நம்பி ஆடுகிறவர், தன் மந்திரம் ஏன் வீணானது என்று தெரியாமலே தோற்றுவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவார். விதி ஒழிந்துவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது.

போகெமான் அட்டை ஆட்டத்தைக் காட்டி, ‘அதில் எதிராளியின் டர்னில் நாம் அட்டை போடுவதே இல்லை, எவ்வளவு நிம்மதி’ என்பாரும் உண்டு. நிம்மதிதான். அங்கேயும் இரண்டு டர்ன்களுக்கு நடுவே விஷம், தீக்காயம், தூக்கம், முடக்கம் என்ற வரிசையில்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

7. மோசமான நேர விதிகளே இல்லையா? இருக்கின்றன. அவற்றுக்காக நான் வாதாட வரவில்லை.

யு-கி-ஓவில் ‘நேரம் தவறுதல்’ என்று ஒன்று இருக்கிறது. ஓர் அட்டையின் விருப்ப விளைவு ஆங்கிலத்தில் ‘வென்’ என்ற சொல்லோடு தொடங்கினால், அது சொல்லும் நிகழ்ச்சி கடைசியாக நடந்ததாக இருக்க வேண்டும். ‘இஃப்’ என்று தொடங்கினால் அந்தக் கட்டாயம் இல்லை. பீட்டன் தி டார்க் க்ளவுன் என்ற கோமாளி கிரேவ்யார்டு என்ற கழிவுக் குவியலுக்குப் போகும்போது தன்னைப் போலவே இன்னொரு கோமாளியை வரவழைக்கலாம். ஆனால் வேறொரு மான்ஸ்டரை இறக்குவதற்காக அவனைப் பலி கொடுத்தால் வரவழைக்க முடியாது. கடைசியாக நடந்தது அந்த மான்ஸ்டர் இறங்கியதுதான். கோமாளி போனது அதற்கு முன்பே. ஒரு சின்னச் சொல்லுக்குள் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒளித்துவைத்தது மோசமான வேலை. சொல்லைக் கவனமாகப் படிக்கிறவரும் அதன் கனத்தை ஊகிக்க முடியாது.

மருந்து என்ன என்பதில்தான் நானும் அவர்களும் பிரிகிறோம். 2011-இல் யு-கி-ஓ தன் அட்டைகளின் எழுத்துமுறையையே மாற்றியது. முக்காற்புள்ளிக்கு முன் இருப்பது நிபந்தனை, அரைப்புள்ளிக்கு முன் இருப்பது, அட்டையைப் போடும் நொடியிலேயே செய்து முடிக்க வேண்டியது, மிச்சம்தான் விளைவு. மேஜிக்கிலும் இப்படி ஒன்று நடந்தது. 2007-இல் வந்த ஒப்ளிவியன் ரிங் களத்துக்கு வரும்போது எதிராளியின் ஓர் அட்டையை வெளியேற்றும், களத்தைவிட்டுப் போகும்போது அதைத் திருப்பித் தரும். இவை இரண்டு தனி விளைவுகள். முதலாவது ஸ்டேக்கில் காத்திருக்கும்போதே ரிங்கை நாமே களத்திலிருந்து எடுத்துவிட்டால் இரண்டாவது முந்திக்கொள்ளும். திருப்பித்தர எதுவும் இருக்காது. பிறகு முதலாவது நடக்கும். வெளியேறிய அட்டை திரும்பவே திரும்பாது. 2013-இல் வந்த பேனிஷர் பிரீஸ்ட் போன்ற அட்டைகளில் இரண்டு விளைவையும் ஒன்றாக்கி, ‘இது களத்தைவிட்டுப் போகும்வரை’ என்று எழுதினார்கள். தந்திரம் செத்தது.

கவனியுங்கள்: ‘நேர நுணுக்கத்தைப் பார்க்காதீர்கள், நண்பர்களாக இருங்கள்’ என்று யாரும் சுற்றறிக்கை விடவில்லை. நேரத்தை இன்னும் தெளிவாக எழுதினார்கள், அவ்வளவுதான். அட்டையைப் படித்தால் போதும் என்று இன்று சொல்ல முடிகிற கொஞ்ச நஞ்ச இடங்களும், நேர விதியோடு மல்லுக்கட்டியவர்கள் திருத்தி எழுதிக் கொடுத்தவை.

புதிதாக ஒருவருக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிறீர்களா? ‘அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளாதீர்கள். ஒரு கரடி, ஒரு மின்னல், ஒரு வளர்ச்சி, மூன்றையும் மேசையில் வையுங்கள். ஒருமுறை இந்த வரிசையில் போடச் சொல்லுங்கள், மறுமுறை மாற்றிப் போடச் சொல்லுங்கள். கரடி ஏன் ஒருமுறை செத்தது, ஏன் மறுமுறை பிழைத்தது என்று அவரையே கேளுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது.